செயற்கைக் கிளர்ச்சிப் போதைப்பொருளால் உடலும் மனமும் கெடும்போது வீட்டார் செய்ய வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன்பு, அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், ராதாபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை, நான் செவிலியாகப் பணிசெய்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உடம்பு தோசைக்கல்லைப் போலச் சுட்டது. தாடை இறுகி, பல் நறநறவென்று கடிபட்டது. கண்மணிகள் அகல விரிந்திருந்தன. நாடி நிமிடத்துக்கு 160-ஐத் தாண்டி ஓடியது. ஏதாவது எடுத்துக்கொண்டானா என்று கேட்டேன். “எம் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்ல சிஸ்டர், வெயில்ல நின்னுட்டான், அவ்வளவுதான்” என்று அவன் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அதை நம்பி, வெயில் தாக்கு என்றே மருத்துவரிடம் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்து, வாசலில் நின்ற கூட்டாளி ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, “கோயில் கொடைக்கு ரெண்டு ராத்திரி முழிச்சிருந்தோம்க்கா, அவன் ஐஸ் எடுத்திருந்தான்” என்றான். அதற்குள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கத் தொடங்கிவிட்டது.

வெயில் தாக்குக்கும் உடம்பைக் குளிர்விப்பதுதான் முதல் வேலை என்பதால் அதை உடனே செய்திருந்தோம். ஆனால் மூளையின் கொந்தளிப்பை அடக்கும் ஊசியும், இறுகிய தசை கரைந்து ரத்தத்தில் கலக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் தாமதமாயின. பையன் பிழைத்தான், சிறுநீரகம் தேறும்வரை அவனுக்குப் பலமுறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. அந்த முக்கால் மணி நேரத்துக்கு அந்தத் தாயை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன், அவர் சொன்னதோடு நின்றுவிட்ட என் பங்கும் அதில் உண்டு. வெட்கத்தால் மறைக்கப்படும் நேரம் எவ்வளவு விலையுள்ளது என்று பணிக்காலம் முழுவதும் பார்த்திருப்பதால், எதைக் கண்டால் எதைச் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்தப் பொருள்களைச் சொல்கிறோம்

இவற்றில் முதன்மையானது மெத்தம்பெட்டமைன். பேச்சுவழக்கில் மெத், ஐஸ், கிரிஸ்டல் என்பதெல்லாம் இதுதான். 1893-இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி, எபெட்ரின் என்ற தாவரப் பொருளிலிருந்து இதை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் தம் படைவீரர்கள் உறங்காமல் இருப்பதற்காக இதை மாத்திரையாகக் கொடுத்தன. எக்ஸ்டசி என்று மாத்திரையாக வருவது எம்.டி.எம்.ஏ. அடுத்து வந்த மெஃபெட்ரோன் 2015-இல்தான் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தது.

நம் பக்கத்துப் பெற்றோர் பலர் கேள்விப்படாத இன்னொன்று மெஃபென்டெர்மின் ஊசி. அறுவை அரங்கில் ரத்த அழுத்தம் தாழ்ந்துபோகும் நோயாளிக்கு, மருத்துவர் அளவு பார்த்துச் செலுத்தும் மருந்து அது. உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் பிள்ளைகள் சிலர் களைப்பு தெரியாமல் இருக்க இதைத் தாமே குத்திக்கொள்கிறார்கள். ‘மருந்துதானே, போதைப்பொருள் இல்லையே’ என்பது அவர்கள் சொல்லும் நியாயம். உடலுக்குள் போனபின் இதில் ஒரு பகுதி, ஆம்பெட்டமைனை ஒத்த ஃபென்டெர்மின் என்ற கிளர்ச்சிப் பொருளாக மாறுகிறது என்பதால் அந்த நியாயம் நிற்காது. பையில் சிறு மருந்துக் குப்பியும் இன்சுலின் சிரிஞ்சும் இருந்து, வீட்டில் யாருக்கும் சர்க்கரை நோய் இல்லையென்றால், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இவை அனைத்தும் உடலில் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். நரம்பு நுனிகளில் அளவோடு சுரக்க வேண்டிய டோபமின், நோரட்ரினலின் போன்ற வேதிப்பொருள்களை மொத்தமாகக் கொட்டச் செய்கின்றன. அதனால் இதயம் விரைகிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, உடல் வெப்பம் ஏறுகிறது, பசியும் உறக்கமும் அற்றுப்போகின்றன. மெத்தம்பெட்டமைனில் பாதி உடலைவிட்டு வெளியேறவே ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரம் ஆகும். ஆகவே முன்னிரவில் எடுத்தவனுக்கு மறுநாள் நண்பகலிலும் ஆபத்து நீங்கியிருக்காது. வள்ளியூரில் வண்டியை எடுத்து இரவோடு இரவாக மதுரையைத் தாண்டிவிட வேண்டும் என்று இதை நாடும் ஓட்டுநருக்கு, களைப்பு அப்படியே இருக்க, களைப்பு என்ற உணர்வு மட்டும் மறைந்துபோகிறது. மருந்து இறங்கும் நேரத்தில் கண் திறந்தபடியே உறங்கிவிடுகிற நிலை வரும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அபின் வகை வலி மாத்திரைகளைப் போதைக்காக விழுங்குகிறவர்களிடம் இதற்கு நேர்மாறான குறிகள் தெரியும்: கண்மணி கடுகுபோல் சுருங்கும், மூச்சு குறையும், எழுப்பினாலும் எழமாட்டார்கள். அவர்களுக்கான முறிமருந்தாகிய நலாக்சோன், கிளர்ச்சிப் பொருளால் வந்த கோளாறில் பயன்படாது. இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களும் இருப்பதால், கண்ணைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவுகட்டாமல், பார்த்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடம்பு கொதிக்கும்போது

கோடையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாள்கள் வழக்கமாகிவிட்ட திருநெல்வேலிச் சீமையில், நான் முதலில் அஞ்சுவது இந்தச் சூட்டுக்குத்தான். உடல் வெப்பம் 104 டிகிரியைத் தாண்டினால் மூளை, ஈரல், சிறுநீரகம், தசை எல்லாமே சேதமடையத் தொடங்கும். வெப்பமானி தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நெஞ்சிலும் முதுகிலும் கைவைத்தால் சுடுகிறது, பேச்சு குழறுகிறது, ஆள் நிலைகொள்ளாமல் திமிறுகிறார் என்றால் அதுவே போதும். ஒருவர் 108-ஐ அழைக்கும்போதே மற்றொருவர் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் படுக்கவைத்து, மேலாடைகளைக் களைந்து, உடல் முழுவதும் தண்ணீரைத் தெளித்து, மின்விசிறியை நேராகத் திருப்பிவிடுங்கள். நனைத்த துண்டை அக்குளிலும் தொடையிடுக்கிலும் கழுத்தின் இருபுறமும் வைத்து, சூடேறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை இதை நிறுத்தக் கூடாது. பாராசிட்டமால் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது. அது கிருமியால் வரும் காய்ச்சலுக்கு உரியது. தாமிரபரணியிலோ கிணற்றிலோ பம்புசெட் தொட்டியிலோ முக்கி எடுக்கலாம் என்று உறவினர் யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள், தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் கண்ணெதிரே மூழ்கிவிடுவார். தலையில் எலுமிச்சம்பழம் தேய்ப்பதால் பயனில்லை, நேரந்தான் போகும்.

நல்ல நினைவோடு, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சிறுகச் சிறுகத் தண்ணீர் கொடுக்கலாம். குடம் குடமாகக் குடிக்கவைக்கக் கூடாது. எம்.டி.எம்.ஏ. எடுத்தவர்களுக்கு அளவுக்கு மீறிய தண்ணீரால் ரத்தத்தில் உப்புச் சத்து சரிந்து, மூளை வீங்கி வலிப்பு வரும். நினைவு தப்பியவர் வாயில் மோரோ சர்பத்தோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

வலிப்பு வந்துவிட்டால் கையில் சாவிக்கொத்தையும் இரும்பையும் திணிக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அதைச் செய்கிற கைகளில் அன்பு இருக்கிறது என்பதை அறிவேன், ஆனால் அது வலிப்பை நிறுத்துவதில்லை. தலைக்கு அடியில் துணியை மடித்துவைத்து, சுற்றியிருக்கும் பொருள்களை விலக்கி, துடிப்பு ஓய்ந்ததும் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல் இருப்பதே செய்ய வேண்டியது. திமிறுகிறார் என்று நாலு பேர் சேர்ந்து குப்புறக் கிடத்தி முதுகில் ஏறி உட்காருவது உயிரையே போக்கிவிடும். சூடேறிய உடலுக்கு அந்த நேரத்தில் வேண்டியது மூச்சு.

நெஞ்சு வலித்தால் வாய்வு என்று விட்டுவிடக் கூடாது

இருபத்தைந்து வயதில் மாரடைப்பா என்று யாரும் நம்புவதில்லை. நெஞ்சு பிடிக்கிறது என்று பையன் சொன்னால் ஓமத்திரவமும் சோடாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். இந்தப் பொருள்கள் இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய்களையே இறுகச் செய்வதால், கொழுப்பு அடைப்பு எதுவும் இல்லாத இளம் வயதிலும் மாரடைப்பு வரலாம். இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகலாம். ஏறிய ரத்த அழுத்தத்தில் மூளையின் குழாய் வெடித்து, திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாய் கோணுதல், ஒருபக்கக் கை கால் விழுதல் ஆகியவை வரலாம். இவற்றில் எதைக் கண்டாலும் உடனே இ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அம்மா சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றுள் ஒருவகை மாத்திரைகள் இந்நிலையில் குழாயை மேலும் இறுக்கக் கூடும் என்பதால் மருத்துவர்களே யோசித்துத்தான் தருவார்கள். வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

நீண்ட நாள் பழக்கத்தில் இதயத் தசையே தளர்ந்து, படி ஏறினால் மூச்சு வாங்குவது, கால் வீங்குவது என்று வரும். பொருளை அடியோடு நிறுத்தினால் அந்தத் தளர்ச்சி பலருக்குக் கணிசமாகத் திரும்புகிறது என்பதை நானே எக்கோ என்னும் இதய ஸ்கேன் அறிக்கைகளில் பார்த்திருக்கிறேன். இளைஞனிடம் பேசும்போது இதை அவசியம் சொல்லுங்கள். ‘இனி என்ன இருக்கிறது’ என்று அவன் நினைத்துவிட்டால் நிறுத்துவதற்கு அவனுக்குக் காரணமே இருக்காது.

பல் சொத்தை, வாய் உலர்தல், எடை கரைதல் ஆகியவை வெளியே தெரிகிறவை. ஊசிவழி எடுத்தவர் எச்.ஐ.வி., பி மற்றும் சி வகை ஈரல் அழற்சி ஆகியவற்றுக்குச் சோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பிணி எடுத்தால் நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிவதும் குறைமாதப் பிறப்பும் நேரக் கூடும் என்பதால் பேறுகால மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

மனம் பிறழும்போது

வீட்டாரை அதிகம் கலங்கச் செய்வது இதுதான். மூன்று நான்கு இரவு உறங்காதவன் சன்னலில் செய்தித்தாளை ஒட்டி மறைக்கிறான், கைப்பேசியைக் கழற்றிப் பார்க்கிறான், தெருவில் போகும் பைக் தன்னைத்தான் தேடி வருகிறது என்கிறான். தோலுக்கு அடியில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிக் கையைச் சுரண்டிச் சுரண்டிப் புண்ணாக்கிக்கொள்கிறான். முழங்கைக்குக் கீழே, எட்டுகிற இடங்களில் மட்டும், சிறிதும் பெரிதுமாக, பொருக்குத் தட்டியதும் தட்டாததுமாகப் புண்கள் இருந்தால், அதைப் பார்த்ததுமே எங்களுக்குப் புரிந்துவிடும். வீட்டாருக்கு அது செய்வினையாகத் தெரிகிறது. குறி கேட்கவும் கயிறு கட்டவும் போகிறார்கள். சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. நானும் எங்கள் ஊர்க் கொடைக்குத் தவறாமல் போகிறவள்தான். மருத்துவமனைக்குப் போய்வந்தபின் நேர்ச்சையைச் செலுத்துங்கள் என்றே கேட்கிறேன். இந்தப் பிறழ்வு, பொருளை நிறுத்திச் சிகிச்சை தந்தால் பெரும்பாலோருக்குச் சில நாள்களில் இருந்து ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், நிலையான மனநோயாக மாறுகிறதா என்று மனநல மருத்துவர் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

அந்த நேரத்தில் பேசும் முறை முக்கியமானது. ஒருவர் மட்டும் பேசுங்கள், அவன் யாரை நம்புகிறானோ அவர். பல வீடுகளில் அது தாய்மாமாவாகவோ சித்தியாகவோ இருக்கும். இரண்டு கை தொலைவில், வாசலை மறைக்காமல் நின்று, குரலை உயர்த்தாமல், “நீ பயப்படுறது தெரியுது ராசா, நான் இங்கதான் இருக்கேன்” என்ற அளவில் பேசினால் போதும். பூச்சி இல்லை என்று வாதிடவும் வேண்டாம், ஆமாம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். பேச்சு தொடங்குவதற்கு முன்பே, இறவாணத்தில் செருகியிருக்கும் அரிவாளையும் அடுப்படிக் கத்தியையும் அவன் பார்க்காதபோது அகற்றிவிடுங்கள். யாரையாவது தாக்க முனைந்தால் விலகி நின்று, சிறுபிள்ளைகளை வெளியே கொண்டுபோய்விட்டு, 108-ஐ அழையுங்கள்.

அவன் உறங்கும் நாள்கள்

பொருள் நின்றதும் ஒருநாள், இரண்டு நாள் என்று அடித்துப்போட்டாற்போல் உறங்குவான், எழுந்தால் பசியோடு சாப்பிடுவான். வீடு நிம்மதி அடைகிறது, “திருந்திட்டான்” என்கிறது. நான் அதிகம் கவலைப்படுவது இந்த நாள்களைப் பற்றித்தான். கொட்டித் தீர்ந்த டோபமின் மீண்டும் நிறையும்வரை எதிலும் இன்பமில்லாத கடும் மனச்சோர்வு வரும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்குவதும் அப்போதுதான். முதல் இரண்டு வாரம் தனியே விடாதீர்கள். வயலுக்கும் வாழைக்கும் வாங்கிவைத்த பூச்சிமருந்து வீட்டிலோ தொழுவத்திலோ இருந்தால் இன்றைக்கே வேறிடத்தில் பூட்டிவையுங்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்கப்பட்டதே பலருக்கு ஆறுதல். ஆமாம் என்றால் 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கஞ்சி, இட்லி என்று சிறுசிறு உணவாக அடிக்கடி கொடுங்கள், காப்பியைச் சில வாரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது, சட்டம் என்ன சொல்கிறது

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேராகப் போகலாம். தொலைவிலிருப்பவர்கள், மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று தங்கள் தாலுகா மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.

மருத்துவரிடம் சொன்னால் போலீசில் மாட்டிவிடுவார்களே என்பதுதான் வீட்டாரின் வாயைக் கட்டுகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம்சாட்டப்பட்டவர், போதைக்கு அடிமையானவராக இருந்து, தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடத்துவதிலிருந்து அவருக்கு விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம். மருத்துவமனை தன் விதிப்படி சில பதிவுகளைச் செய்யக் கூடும், அதற்காகச் சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது.

தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பதானால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். மருத்துவர் வருகிறாரா, வீட்டார் பார்க்க அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் வார்டில் யாருமே பேசவில்லை.

ஒரே ஊசியில் மறக்கச் செய்வோம் என்று யார் சொன்னாலும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மெத்தம்பெட்டமைன் பழக்கத்தை நிறுத்துவதற்கென்று ஏற்கப்பட்ட தனி மருந்து எதுவும் இல்லை. உறக்கத்துக்கும் மனப்பிறழ்வுக்கும் சோர்வுக்கும் மருந்து உண்டு. பழக்கத்தை விடுவிப்பது, எந்தச் சூழலில் ஆசை கிளம்புகிறது என்று கண்டு மாற்றிக்கொள்ளப் பயிற்றும் ஆலோசனைதான். அது மாதக்கணக்கில் நடக்கும். சிறுநீர்ச் சோதனையில் பொருள் இல்லாத ஒவ்வொரு முறையும் சிறு பரிசு தரும் முறை நல்ல பயன் தருவதாகக் கண்டிருக்கிறார்கள். சளி மாத்திரை போன்ற வேறு மருந்துகளாலும் அந்த முதல்கட்டச் சோதனை தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டக்கூடும். ஒரு முடிவை வைத்துப் பிள்ளையை அடித்துவிடாதீர்கள். அதுபோல, கவனக்குறைபாட்டுக்காக மருத்துவர் எழுதிய மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை உண்ணும் குழந்தைக்கு, இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடவும் கூடாது.

மீண்டும் எடுத்துவிட்டால்

பலர் ஒருமுறையாவது வழுக்குகிறார்கள். இடைவெளி விட்டு எடுப்பவர் பழைய அளவையே எடுத்தால் உடல் அதைத் தாங்காது என்பதால், அந்த முதல் நாளே பெரும் ஆபத்து. ஒரு தாளில் 108, 14416, 14446 ஆகிய எண்களையும், அவன் இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர் எம்.டி.எம்.ஏ. எடுத்தால் தனியான ஆபத்து உண்டு என்பதால் அந்தப் பெயர் மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டும். என்ன எடுத்தான், எப்போது, எவ்வளவு, எந்த வழியில், கூடவே சாராயம் உண்டா என்ற ஐந்தையும் கூட்டாளியிடம் கேட்டு அதே தாளில் குறித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் குப்பியோ மாத்திரை அட்டையோ இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.

அந்த ராதாபுரத்துப் பையன் எட்டு மாதம் நன்றாக இருந்துவிட்டு ஒருமுறை வழுக்கினான். அன்று ஸ்ட்ரெச்சர் நிற்பதற்கு முன்பே அவன் தாய் என்னைப் பார்த்து, “ஐஸ்தான் சிஸ்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு, கூட பிராந்தியும் குடிச்சிருக்கான், துணியெல்லாம் நனைச்சுத்தான் கொண்டாந்தேன்” என்று மூச்சிரைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் அவன் நடந்து வீட்டுக்குப் போனான்.